குண்டனி நாட்டில் என் மகளின் காடு

1

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும் இன்ஸ்பெக்டர் சென்ற மாதம் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். பூகோளப் பாடத்தில் அடிக்கடி வரும் சொற்களுக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் விளக்கம் எழுதித் தரவேண்டும். மலை, ஆறு, தீபகற்பம் இவற்றையெல்லாம் வேறொரு தோட்டத்து ஆசிரியர் எழுதுகிறார். என் பங்குக்கு வந்தவை மனிதர்களைப் பற்றிய சொற்கள். எல்லை, தூரம், குடியிருப்பு, குடிபெயர்ச்சி, இடம். "உமக்கு இது சுலபம். நீரே குடிபெயர்ந்தவர்தானே" என்றார் அவர்.

இதுவரை ஒன்றுகூட ஒழுங்காக எழுதி முடிக்கவில்லை. போன ஆவணியில் கொல்லிமலையிலிருந்து தனியாக இறங்கினேன். ஏறும்போது என்னோடு என் மகள் தனம் இருந்தாள். பதினைந்து வயது. எனக்கு ஒரே பிள்ளை. அவள் இப்போது மலைமேல் குண்டனி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) என் அக்காவின் வீட்டில் இருக்கிறாள். நான் மலாயாவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, இந்தச் சொற்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுத ஆரம்பித்தால் நாலாவது வரியில் அக்காவின் முகம் வந்து நிற்கிறது. அதற்கு மேல் எழுதினால் அது பாடமாக இராது, வசையாகிவிடும்.

ஆகவே வசையை இங்கே எழுதித் தீர்த்துவிட்டுப் பாடத்துக்குப் போகலாம் என்று பார்க்கிறேன். மலையில் இருப்பவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. துறையூர், ராசிபுரம், நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு தினமும் அந்த மலையைப் பார்த்து, அதை மேகத்துக்கு ஒரு மேடை என்று மட்டும் நினைத்திருக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள்மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. கழுத்தைத் திருப்பினால் என் மகள் இருக்கும் திசை உங்களுக்குத் தெரிகிறது.

2

எல்லை என்பது ஓர் இடம் முடிந்து மற்றோர் இடம் தொடங்கும் கோடு. பழைய பாடப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் ஒரு குமாஸ்தா எங்களை நிறுத்தி ஊர் கேட்டார்.

"குண்டனி நாடு" என்றேன்.

"நாடு கேக்கலைய்யா. ஊர்."

"கொல்லிமலை."

"மலையும் கேக்கலை. ஜில்லா?"

"திருச்சிராப்பள்ளி."

அவர் நாமக்கல் தாலுகாவா என்று கேட்டுவிட்டு, அது சேலம் ஜில்லாவுக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று என்றார். நான் கப்பலேறியபோது எங்கள் மலை திருச்சியில் இருந்தது. நான் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கல்கூட அசையாமல், அது சேலத்துக்குப் போய்விட்டிருந்தது.

பிறகு தனத்தைப் பார்த்து, "உனக்கு எந்த ஊரம்மா?" என்றார். அவள் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "அது பொறந்த எடம். சொந்த ஊர்?" அவள் என்னைப் பார்த்தாள். என் ஊர்தான் அவளுக்கும் என்று நான் சொன்னேன். "அது எங்கே இருக்குன்னு உமக்கே தெரியலையே" என்று சிரித்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

தனம் அதற்குச் சிரிக்கவில்லை. அவள் அம்மா வெள்ளாயி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; திரும்பி வரவில்லை. அதிலிருந்து தனம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். தானாக எதுவும் பேச மாட்டாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரிந்த எனக்கு அவளைச் சிரிக்க வைக்கத் தெரியவில்லை. நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு அவளை மலைக்குக் கூட்டிப் போனதே அதற்காகத்தான். நாலு மாதம் காற்றும் சொந்தமும் பட்டால் தேறிவிடுவாள், திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

குண்டனி நாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கோடு கிடையாது. ஏற்றத்தின் மேல் ஒரு கல்லும் பக்கத்தில் ஓர் ஊற்றும். கீழே போய் வருகிறவர்கள் அங்கே கால் கழுவிவிட்டுத்தான் கல்லைத் தாண்டுவார்கள். கேன்வாஸ் பூட்ஸ் போட்டிருந்த நான் அதை மறந்து தாண்டிவிட்டேன். சுமை எடுக்க எங்களோடு வந்த சடையன், என்னோடு ஒன்றாக ஆடு மேய்த்தவன், பின்னாலிருந்து பார்த்தான். நான் தடுமாறிக் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"இருக்கட்டும் உடுங்க. வெளியூர்க்காரங்களுக்கு அதெல்லாம் பாக்கறதில்லீங்க" என்றான்.

திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தனம் அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊற்றில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. முன்னால் போன ஒருத்தியைப் பார்த்து அவள் அப்படிச் செய்தாள். பிள்ளைகளுக்கு எல்லை என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, யாரைத் தடுக்கிறதோ அவர்களுக்கு மட்டுமல்ல, யாரைச் சும்மா விட்டுவிடுகிறதோ அவர்களுக்கும் அது எல்லைதான் என்று எழுதலாமா என்று யோசித்தேன். மூன்றாம் வகுப்புக்கு அது அதிகம்.

3

தூரம் மைலில் அளக்கப்படும்.

புளியஞ்சோலையில் ஓடையைத் தாண்டி ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தனம், "இன்னும் எத்தனை மைல்?" என்று கேட்டாள். தோட்டத்தில் எல்லாம் சமதரை. மைல் கல் நட்ட சாலை. கேள்வி கேட்டது என்னிடம். பதில் சொன்னவன் சடையன்.

"மைலெல்லாம் கீழதான் சாமி. இங்க ஏத்தந்தான். போறப்ப ஒரு தூரம், வாரப்ப ஒரு தூரம்."

"ஒரே பாதைதானே?"

"பாத ஒண்ணுதான். காலு ஒண்ணா? எறங்கறப்ப நாங்க வெத்தல போட்டுட்டுத் துப்பறதுக்குள்ள கீழ நிப்போம். ஏறறப்ப பாரு, உங்கப்பன் மூஞ்சிய."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வேர்த்து, வாய் திறந்து, ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக, காட்டுக்குள், சத்தமாக. அடுத்த அடியிலேயே, அதைச் செய்தவன் சடையன் என்பது உறைத்தது. என் மூச்சிரைப்பை எடுத்து, என் மகளின் சிரிப்பை அவன் வாங்கிவிட்டான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சடையன் என்னை 'டா' போட்டு அழைத்தவன். மரத்திலிருந்து தேன் எடுக்கப் போய் இரண்டு பேரும் சேர்ந்து கொட்டு வாங்கியிருக்கிறோம். இப்போது அவன் வாயில் எனக்கு "ஏனுங்க வாத்தியாரே", "வாங்க", "உக்காருங்க". தனத்துக்கு முதல் நாளே "வா கண்ணு", "போ சாமி". என்னை மரியாதையாகத் தூர வைத்துவிட்டு அவளை 'வா போ' என்று பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். மரியாதையில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்ததும் பெயர் கேட்கவில்லை. "வெள்ளாயி மவதான? நடையே சொல்லுதே" என்றார்கள். வெள்ளாயியும் அதே நாட்டுப் பெண். என் சாயல் எதுவும் அவளிடம் யாருக்கும் தெரியவில்லை.

4

மலையில் எங்கள் பேச்சில் காடு என்றால் மரம் நிற்கும் காடு அல்ல. மழையை நம்பி உழுகிற சரிவு நிலம். ஆனியில் சாமை விதைத்து ஆடியில் களையெடுப்பார்கள். ஒரு வீட்டு ஆட்களால் ஒரு காட்டைக் களையெடுக்க முடியாது. ஆகையால் மாற்றாள் என்று ஒரு வழக்கம். இன்று பத்துப் பேர் என் காட்டுக்கு வந்தால், அந்தப் பத்துப் பேரின் காட்டுக்கும் நான் ஒவ்வொரு நாள் போகவேண்டும். கூலி கிடையாது. நாளுக்கு நாள். எதிலும் எழுதி வைப்பதில்லை. ஆனால் ஒருவர் நாளை ஒருவர் மறந்ததாக நான் கேட்டதில்லை. ஒரே வீட்டு ஆட்களுக்குள் மட்டும் நாள் எண்ண மாட்டார்கள். அப்பனும் மகனும் நாள் எண்ணினால் பாகம் பிரிந்துவிட்டார்கள் என்று பொருள்.

காலையில் எதிர்ச் சரிவிலிருந்து குரல் வரும். யார் வீட்டுக் களை இன்று, யார் யார் வரவேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். களையெடுப்பு தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே நான் அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புதான். ஆனாலும் களைக்கொத்து பிடித்த கை மறக்குமா என்று ஒரு நம்பிக்கை. பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். என் பெயர் வராது. அக்கா எனக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் முதலில் போடுவாள். பாயை எடுத்து வெயில் படாத பக்கம் விரிப்பாள். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாம்.

அக்காவின் பெயர் பூவாயி. என்னைவிட மூத்தவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. காடு மட்டும் உண்டு.

ஒரு நாள் காலை எதிர்ச் சரிவிலிருந்து சடையனின் மனைவி கூப்பிட்டாள். "பூவாயக்கா ஊட்டுத் தனோ! எங்க காட்டுக்கு வாரியா கண்ணு?"

எனக்கு முன்னால் தனம் பதில் கொடுத்தாள். "வாரேனுங்க." குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் சேர்ந்தது. அந்த 'ங்க' என்னிடம் கற்றது அல்ல. தோட்டத்தில் எங்கள் வீட்டில் அப்படிப் பேச ஆள் கிடையாது.

அன்றையிலிருந்து தினமும் யாராவது அவளைக் கூப்பிட்டார்கள். சாயந்திரம் முழங்கால்வரை செம்மண்ணோடு வருவாள். பேச்சு வாயில் கொள்ளாது. சந்தையை அவள் தோட்டத்துப் பழக்கத்தில் 'பாசார்' என்று சொல்லிவிட, பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு "செம்மேட்டுப் பாசாருக்குப் போலாமா" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிச் சிரித்தார்கள். கேலி இரண்டு வாரத்தில் தீர்ந்து, சொல் மட்டும் நின்றுவிட்டது. நான் இத்தனை வருஷம் பாடுபட்டுப் படித்த தமிழிலிருந்து அந்த ஊர் ஒரு சொல்லையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நாக்குத் தவறியதை எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் பொறுக்காமல் அக்காவிடம் கேட்டேன். "எனக்கும் ஒரு கொத்து கொடு அக்கா. நானும் போறேன்."

"விருந்தாளியக் களையெடுக்க உட்டான்னு ஊரு என்னப் பேசோணுமா?"

"நான் விருந்தாளியா? பொறந்த ஊர் இது."

"பொறந்த ஊருதான் தம்பி. ஆரு இல்லன்னா? ஆனா உங்கிட்ட ஒரு நாள வாங்கினா எங்க கொண்டாந்து திருப்பறது? நீ கப்பலேறிருவ. திருப்ப முடியாத நாள ஆரு வாங்குவா?"

நியாயம்தான். பாயில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த நியாயத்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. தனமும் என்னோடு கப்பலேற வேண்டியவள். திருப்ப முடியாத நாளை யாரும் வாங்க மாட்டார்கள் என்றால், அவள் நாளை மட்டும் எப்படி வாங்குகிறார்கள்?

பள்ளத்தில் இறங்கி சடையனைத் தேடிப் போய்க் கேட்டேன். அவன் கொத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்காக ஒரு பரிதாபம் இருந்தது. அதை இன்னும் அவனுக்கு நான் மன்னிக்கவில்லை.

"மொத நாளே எம் பொண்டாட்டி கேட்டாளுங்க. இருப்பியா கண்ணு, போயிருவியான்னு. இருப்பேன்னு சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்லீருக்கும்னு நெனச்சமுங்க."

அந்தச் சரிவு, எதிர்ச் சரிவு, களையெடுக்கும் பெண்கள், அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெற்றவன் ஒருத்தன் பாயில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தேன்.

5

குடிபெயர்ச்சிக்குக் காரணங்கள் இரண்டு வகை. ஒன்று தள்ளுவது, மற்றது இழுப்பது. பஞ்சமும் கடனும் தள்ளும். வேலையும் உறவும் இழுக்கும். இதைப் பல வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தள்ளுவதற்கு இடது பக்கம் ஓர் அம்பு, இழுப்பதற்கு வலது பக்கம் ஓர் அம்பு.

அன்று அக்காவிடம் சண்டைக்குப் போனேன். முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"புள்ளையில்லாத ஊட்டுக்குப் புள்ள பிடிக்கப் பாக்கறயா?" என்று கேட்டேன். அச்சில் படிக்கும் உங்களுக்கு அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று தெரியும். எனக்கும் தெரியும். அப்போது வேறு சொல் வாயில் வரவில்லை.

முறம் நின்றது. "நான் ஒண்ணும் கேக்கல தம்பி. சோறு போட்டேன். தலைக்கு எண்ண வெச்சு உட்டேன். வேற என்ன செஞ்சேன், சொல்லு."

"எனக்குத் தெரியாம காடு வேற பிரிச்சுக் குடுத்திருக்க."

ஓடைக் கரைச் சரிவில் ஒரு துண்டை அவள் தனத்தின் பெயர் சொல்லி விட்டிருந்தது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அதில் சாமை முளைத்துக் களையும் முளைத்திருந்தது.

"அவ ஊரெல்லாம் போயி நாளு செஞ்சிருக்கா. அவங்க திருப்ப வேண்டாமா? அத்தன நாளும் வந்து விழறதுக்கு ஒரு மண்ணு வேணுமில்ல? அதுக்குத்தான் உட்டேன். நீ வேணாம்னா வேணாம்னு சொல்லு. கூட்டிட்டுப் போ. ஆனா அவங்ககிட்டப் போயி உங்க நாளு எங்களுக்கு வேண்டாம்னு நீயே சொல்லிட்டுப் போ. என்னால ஆகாது."

நான் சொல்லவில்லை. எங்கள் மலையில் ஒருவர் நாளை வேண்டாம் என்பது, உன் வீட்டில் இனித் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பதற்குச் சமம்.

தனத்தை ஓடைப் பக்கம் கூட்டிப் போய்ப் பேசினேன். படிப்பைச் சொன்னேன். கோலாலம்பூரில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ப்பதாக இருந்ததைச் சொன்னேன். அட்டை கடிக்கும், பாம்பு வரும், மழைக்காலத்தில் மருந்துக்குக்கூட இறங்க முடியாது என்றேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஊட்டுக்குப் போகலாம், வா" என்று முடித்தேன்.

"எந்த ஊட்டுக்குங்க அப்பா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அங்க நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா அந்த ஊட்டுல என்னைய ஆரும் கூப்பிடறதில்ல. காலைல பெரட்டுக்குத் தகரம் அடிப்பாங்க. அது எனக்கில்ல. அம்மா இருந்தப்ப அம்மா கூப்பிடும். இங்க தெனமும் எம் பேரு மலையில கேக்குது."

தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். விடியுமுன் தகரம் அடித்துப் பெயர் கூப்பிடுவார்கள். வாத்தியார் வீட்டுப் பெயர் அதில் வராது. அது ஒரு கௌரவம் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இழுத்தது மலை, அக்கா, சடையன் வீடு. இந்தப் பட்டியலை எந்த நேரத்திலும் சொல்லுவேன். தள்ளியது எது என்று கேட்டால் இடது பக்கத்து அம்பை வரையக் கை வரவில்லை.

6

நான் கப்பலுக்குப் புறப்பட வேண்டிய வாரத்தில் அவள் காட்டில் களையெடுப்பு வந்தது. முந்தின நாள் மழை விட்டிருந்தது. காலையில் தனம் வாசலில் நின்று எதிர்ச் சரிவைப் பார்த்துக் கூப்பிட்டாள். அவள் முறை. ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் அங்கிருந்து ஒரு குரல் திரும்பி வந்தது. இந்த வயதுவரை பாடத்தில் கேள்விக்குப் பதில் சொன்ன பெண், ஒரு சரிவையே எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அக்கா ஒளித்து வைத்திருந்த கொத்தை எடுத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் பின்னால் போனேன். மகளின் காட்டுக்கு அப்பன் போக யார் கேட்பது?

அக்கா பார்த்தாள். என் பூட்ஸ் வாசலிலேயே இருந்தது.

வரிசை கட்டிக் குந்திக் களையெடுத்தோம். முதல் வரிசை முடிவதற்குள் என் தொடை நடுங்கிவிட்டது. சாமைப் பயிருக்கும் புல்லுக்கும் வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த சடையனின் மனைவி, "ஏனுங்க, கொஞ்சம் சாமையவும் உட்டு வெய்ங்க. நம்ம கண்ணு அறுக்கறதுக்கு வேணுமில்லீங்க" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. தனமும் சிரித்தாள். இந்தத் தடவை எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

நடுப்பகலில் கூழ் வந்தது. குடிக்கும்போது யாரும் எனக்கு முதலில் ஊற்றவில்லை. வரிசையில் என் முறை வந்தபோது ஊற்றினார்கள். அந்தக் கூழை நான் எப்படிக் குடித்தேன் என்று எழுதினால் வெட்கமாக இருக்கும்.

சாயந்திரம் வேலை விட்டதும் ஒரு வழக்கம். காட்டுக்காரர் நின்றுகொண்டு, வந்தவர்களின் பெயரைச் சொல்லி, அவரவர் நாள் திரும்பியதா, இல்லை புதிதாக நிற்கிறதா என்று எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டும். தனம் மண் கையோடு நின்றாள். "சடையன் மாமா நாளு திரும்பிருச்சுங்க. மாமா ஊட்டு அக்கா நாளு திரும்பிருச்சுங்க." ஒவ்வொருவராகக் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். வந்த எல்லோரும் அவளுக்குத் தரவேண்டியதைத் தந்தவர்கள். அவளுக்குப் புதிதாக நாள் தந்தவன் நான் ஒருத்தன்தான்.

சடையன்தான் ஆரம்பித்தான்.

"எல்லாத்தையும் சொன்ன, வாத்தியார உட்டுட்டியே கண்ணு. அவருக்கு ஒரு நாளு நிக்குதில்ல?"

"ஆமா" என்றாள் அவன் மனைவி. "அறகொறயா எடுத்தாலும் நாளு நாளுதான்."

"அப்ப கப்பலேறிப் போயி அவரு ஊர்ல ரப்பர் மரம் சீவித்தான் திருப்போணும். வேற வழியில்ல சாமி. வழக்கம்னா வழக்கந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ஆனால் அந்த மலையில் அந்த வழக்கத்தை விளையாட்டுக்கு மீறினவர்கள் இல்லை. ஒரு நாள் நிற்கிறது என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் போதும். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம், அவள் வந்தே ஆகவேண்டும். நான் வாதாடிக் கேட்டுக் கிடைக்காததை அந்த ஊரின் சட்டமே எனக்கு எடுத்துத் தரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தேன்.

தனம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு ஏதோ நல்லது செய்யப்போகிறவளின் சந்தோஷம்.

"அப்பா நாள எண்ணக் கூடாதுங்க மாமா" என்றாள். "ஊட்டு ஆளு."

பெண்கள் "அதான, அதான" என்றார்கள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சடையன் கிட்டே வந்து என் தோளில் கை வைத்து, "எந்திர்றா, போலாம்" என்றான். 'டா' திரும்பி வந்துவிட்டது. நான் வந்ததிலிருந்து எதற்காகக் காத்திருந்தேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. விருந்தாளி இல்லை, வெளியூர்க்காரன் இல்லை, குண்டனி நாட்டில் ஒரு காட்டுக்கு வீட்டு ஆள்.

என் மகள் எனக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை என்பதும் அதே சொல்லில் தீர்ந்துவிட்டது.

7

அவள் வாரத்துக்கு ஒரு கடுதாசி போடுகிறாள். களத்தில் சாமை வந்தது, பன்றி வந்து ஒரு மூலையை மேய்ந்தது, அத்தைக்கு முழங்கால் வலி என்று. என் சமையலைப் பற்றிக் கேட்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறேன். பதிலில் அக்காவை ஒரு தடவையாவது விசாரிக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்து, இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறேன்.

வகுப்புச் சுவரில் உலகப் படம் மாட்டியிருக்கிறது. அந்த அளவையில் கொல்லிமலை இல்லை. இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தால் சேலமும் திருச்சியும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. போன வாரம் ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தனம் அக்கா எப்போ வரும் சார்?" என்றாள்.

"அங்கே இப்போது ஆடி மாதம். களையெடுப்பு. வேலை விட்டு வர முடியாது" என்றேன்.

"அப்போ நீங்க எப்போ போவீங்க?"

அடுத்த நீண்ட விடுப்புக்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன. படத்தைச் சுருட்டச் சொன்னேன்.

இந்நேரம் ஓடைக் கரைச் சரிவில் வரிசை கட்டியிருப்பார்கள். சடையன் இருப்பான், அவன் மனைவி இருப்பாள், முழங்கால் வலியோடு அக்காவும் குந்தியிருப்பாள். மாமா நாள் நிற்கிறது, மாமா வீட்டு அக்கா நாள் நிற்கிறது என்று சாயந்திரம் என் மகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவாள். ஒவ்வொரு பெயருக்காகவும் அவள் நடந்து போய்த் திருப்பிச் செய்வாள். பெயர் சொல்லப்படுகிறவர்கள் எல்லோரும் நாள் எண்ணப்படுகிறவர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

இன்ஸ்பெக்டருக்கு நாளை மறுநாள் விளக்கங்களை அனுப்பவேண்டும். எல்லை, தூரம், குடியிருப்பு, குடிபெயர்ச்சி நான்கையும் பழைய புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுதிவிட்டேன். இடம் என்பது மட்டும் மீதி இருக்கிறது. அதையும் இன்று எழுதிவிடுவேன். என் மகள் சொன்னதையும் நான் மதிக்கிறேன். வீட்டு ஆளின் நாளை எண்ணக் கூடாது. அவள் எண்ணவில்லை.

நான் எண்ணி வைத்திருக்கிறேன்.